மாமாக்கட்டி

ஒன்றாம் வகுப்பு படித்த வருஷம் முழுக்க, நான் பன்னீர் சாப்பிட்டு வளர்கிற பிள்ளை என்று நம்பிக்கொண்டிருந்தேன். வகுப்பில் யாராவது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னீர் கொண்டுவந்து பீற்றிக்கொண்டால், "எங்க வீட்ல தினமும் பன்னீருதான்" என்று நானும் பதிலுக்குச் சொல்வேன். அது பொய் என்று எனக்குத் தெரியாது.

பிறந்ததிலிருந்தே எனக்குப் பால் சேராது. சேராது என்றால், வயிறு கொஞ்சம் பொருமும், சளி பிடிக்கும் என்கிற சேராது இல்லை. ஒரு சொட்டுப் பட்டாலே உதடு தடித்துவிடும். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும். நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். முட்டையும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் ஒருவரும் இதை நம்பவில்லை. பால் சேராத பச்சைப்பிள்ளை உலகத்தில் உண்டா என்று கேட்டார்கள். "நீ ரொம்பப் பொத்திப் பொத்தி வளக்க. கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கு" என்று அம்மாவுக்குப் புத்தி சொன்னார்கள். அதனால் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அம்மா என்னை மடியை விட்டு இறக்கமாட்டாள். சுற்றி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாதான் எங்களை நம்பினார். சோதித்துப் பார்த்துவிட்டு, சோயா எனக்கு ஒத்துக்கொள்கிறது, டோஃபு செய்து கொடுங்கள், உடம்பு தேறும் என்றார். அப்பாவுக்கு விசைத்தறிச் சத்தத்திலேயே இருந்து காது கொஞ்சம் மந்தம். "டாஃபியா? அதுலயும் பால் கெடக்குமே டாக்டர்" என்று கவலையோடு கேட்டார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாராம். பிறகு, சோயாப் பயற்றை அரைத்துப் பாலெடுத்து, அதைத் திரியவைத்துக் கட்டியாக்குவதுதான் டோஃபு என்று பொறுமையாக விளக்கிச் சொன்னாராம்.

சங்கரன்கோவிலில் அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. மளிகைக் கடையில் அம்மா சோயாவில் செய்தது வேண்டும் என்று கேட்டதற்கு, மீல் மேக்கர் பாக்கெட்டை எடுத்து நீட்டினார்கள். இது இல்லை, இதைப்போல வெள்ளையாக, மெதுவாக இருக்கும் என்றதற்கு, "ஊறப் போட்டா மெதுவாத்தான்க்கா ஆவும்" என்றார்கள்.

அப்போதுதான் மாமா இதில் இறங்கினார். மாமா அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். தாத்தாவும் ஆச்சியும் காலமாகிவிட்டதால், மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "இது என்ன பெரிய வித்தையாக்கா? ஒரு வீடியோவப் பாத்தாச் செஞ்சிட்டுப் போறேன்" என்றார்.

முதல் தடவை வந்தது தேங்காய்ச் சட்னி மாதிரி இருந்தது. அடுத்த தடவை பொங்கி அடுப்பை அணைத்தது. அதற்கடுத்த தடவை கட்டி பிடித்தது. ஆனால் வாயில் வைத்தால் பச்சைப் பயற்று வாடை. மாமா சளைக்கவில்லை. ரிப்பேருக்கு வந்த கிரைண்டர்களை எல்லாம் சோயாப் பயற்றைப் போட்டே ஓடவிட்டுச் சோதித்தார். அந்த மாதங்களில் ஊரில் பாதி வீட்டு இட்லியில் ஏதோ ஒரு வாடை அடித்திருக்க வேண்டும். யாரும் வந்து சண்டை போடவில்லை. அப்பா தறியிலிருந்து கஞ்சி போடாத புதுத் துணி கிழித்துவந்து கொடுத்தார். அரைத்ததை அதில் வடிகட்டி, பாலைக் கொதிக்கவைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, திரிந்ததை அதே துணியில் மூட்டையாகக் கட்டி, மேலே ஒரு பழைய கிரைண்டர் குழவியைத் தூக்கிவைப்பார் மாமா. வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, என்னையும் உட்காரச் சொல்வார். அந்தக் கல்லுக்கடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதை நாங்கள் இரண்டு பேரும் சினிமா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியைப் பிரித்தபோது, உள்ளே வெள்ளைவெளேர் என்று, கத்தி வைத்தால் உதிராமல், ஒரு கட்டி இருந்தது. மாமா அதைத் துண்டு போட்டுத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு முறுக வறுத்தார். வாசனை தெருவரைக்கும் போனது. தட்டில் வைத்து என் முன்னால் நீட்டியபோது நான் கேட்டேன், "இது என்னது மாமா?"

அதற்கு முந்தின வாரம்தான் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பன்னீர் கொண்டுவந்திருந்தாள். எனக்குத் தரமுடியாது என்று டீச்சர் என்னைத் தள்ளி உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதிருந்தேன். மாமாவுக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இதான் பன்னீரு" என்றார்.

அம்மா திரும்பி மாமாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் இரண்டு துண்டுகளை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு குதிக்க ஆரம்பித்துவிட்டேன். அம்மா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். அப்பாவும், "பன்னீரு நல்லாருக்கே" என்றபடி ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். அதோடு எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பன்னீர் என்று ஆகிவிட்டது.

அந்தப் பன்னீரை அம்மா உதிர்த்துத் தோசைக்குள் வைத்துச் சுடுவாள். தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைக்கும்போது காய்களோடு சேர்த்துப் போடுவாள். சொதியில் ஊறிய துண்டை எடுத்துக் கடித்தால் உள்ளேயிருந்து இஞ்சியும் தேங்காய்ப்பாலும் வடியும். வெல்லப்பாகில் போட்டுக்கூட ஒரு தடவை செய்து பார்த்தார் மாமா. அதைப் பற்றி எழுதாமல் விடுவது நல்லது.

என் உடம்பு தேறியது. கன்னம் வைத்தது. நான் கெட்டிக்காரியும் ஆகியிருந்தேன். வெளியில் யார் எது தின்னக் கொடுத்தாலும், வாங்குமுன் ஒரு மனப்பாடம் சொல்ல வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள். "நான் பால், தயிர், மோர், வெண்ணெ, நெய், முட்டை சாப்பிட மாட்டேன். இது என்னது?" பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிப்பதைவிட இதை நன்றாக ஒப்பிப்பேன்.

அப்படி இருக்கையில்தான் மாமாவுக்குக் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு பெண் அமைந்து வந்தது. நல்ல குடும்பம், பெண் படித்தவள், எல்லாம் சரி. ஆனால் பெண்ணின் அப்பா எருமை மாடுகள் வைத்துப் பால் வியாபாரம் செய்கிறவர். கேட்டதும் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "பால்காரர் வீட்டுச் சம்பந்தமா? நம்ம பிள்ளைய வச்சுக்கிட்டு அங்கன எப்படிப் போக வர இருக்குறது?"

"ஒந் தம்பி பொண்ணத்தான கட்டுதான், எருமையையா கட்டுதான்?" என்றார் அப்பா.

ஒரு நல்ல நாள் காலையில், மாமாவின் சிநேகிதருடைய வேனை இரவல் வாங்கிக்கொண்டு பெண் பார்க்கக் கிளம்பினோம். மாமாவே ஓட்டினார். புதுச் சட்டை, வழியெல்லாம் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வந்தார். அம்மா தன் கைப்பையில் என் மருந்து பாட்டில் இருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வீட்டில் காலடி வைத்ததுமே பால் வாசனை. முன்னறையில் பாய் விரித்து எங்களை உட்காரவைத்தார்கள். அம்மா முதல் வேலையாகப் பெண்ணின் அம்மாவிடம், "பிள்ளைக்குப் பால் சேராது. ஒண்ணும் குடுத்துராதீங்க" என்றாள்.

"பாலா சேராது?" அந்த அம்மாளுக்கு அது தன் குடும்பத்தையே குறை சொன்னதுபோல ஆகிவிட்டது. "அது டவுன்ல பாக்கெட் பால வாங்கிக் குடுத்திருப்பீக. எங்க வீட்டுப் பால்ல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. ஒரு டம்ளர் குடுத்துப் பாருங்களேன், ஒண்ணும் செய்யாது."

அம்மா சிரித்துச் சமாளித்தாள். என்னைப் பிடித்திருந்த பிடி இறுகியது. பெரியவர்கள் மழை, பருத்தி விலை என்று பேசத் தொடங்கினார்கள். எனக்கு அலுப்புத் தட்டியது. பின்கட்டில் எருமைக்கன்று கத்தும் சத்தம் கேட்டது. "கன்னுக்குட்டி பாக்கப் போறேன்" என்று சிணுங்கினேன். வாசலில் நின்ற பெண்ணின் அப்பா, "போய்ப் பாத்துட்டு வரட்டுமே, கட்டித்தான போட்டிருக்கு" என்றார். இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் அம்மா என் காதில், "யாரும் எது குடுத்தாலும்?" என்றாள். "தெரியும், தெரியும்" என்று ஓடினேன்.

கன்றுக்குட்டியிடம் போகும் வழியில் அடுக்களை. அங்கே நீலப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்த ஓர் அக்கா, கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாது என்பதால், முக்காலியில் உட்கார்ந்து தட்டுகளில் பலகாரம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் பேசியது எதுவும் அங்கே கேட்டிருக்காது. என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்தது.

"மாப்பிள்ள வீட்டுப் பிள்ளயா? வாட்டி. பசிக்குதா?"

தட்டில் சூடாக பஜ்ஜி இருந்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மனப்பாடம் சொன்னேன். "நான் பால், தயிர், மோர், வெண்ணெ, நெய், முட்டை சாப்பிட மாட்டேன். இது என்னது?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது பன்னீர் பஜ்ஜி. நானே செஞ்சேன்."

"பன்னீரா!" என்றேன். "பன்னீருன்னா தினமும் சாப்பிடுவேன். எங்க மாமா செஞ்சு தருவாங்க."

சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்துக் கடித்தேன். அம்மா சொன்னதில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை.

அந்த அக்கா சிரித்தபடியே இருந்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. பால் சாப்பிடாத பிள்ளை, பன்னீர் எப்படித் தினமும் சாப்பிடும்? அன்று காலையில்தான் அவள் தன் கையாலேயே எருமைப்பாலைத் திரியவைத்துக் கட்டியிருந்தாள். இதையெல்லாம் யோசிக்க அவளுக்கு ஒரு நொடி ஆகியிருக்கும். அடுத்த நொடி முக்காலி உருண்டது. "துப்புட்டி! துப்பு!" என்று கத்திக்கொண்டு என் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டாள். என்னை யாரும் அப்படிச் செய்ததில்லை. பயத்தில் நான் கடித்தேன். நன்றாகவே கடித்தேன். அவள் விரலை எடுக்கவில்லை. கடைசித் துணுக்கைத் தோண்டி எடுத்த பிறகுதான் கையை உதறினாள். குடத்துத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளிக்கவைத்தாள். பிறகு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தலைப்பூ ஒரு பக்கம் தொங்க, நேரே முன்னறைக்குள் ஓடினாள்.

"யக்கா, பிள்ள பன்னீரக் கடிச்சிட்டா! எடுத்துட்டேன், கொஞ்சம் உள்ள போயிருக்கும்!"

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்தது இப்படித்தான்.

அம்மா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். மருந்தை என் வாயில் ஊற்றும்போதே என் கீழுதடு வாழைப்பூ மடல்போல வீங்கத் தொடங்கியிருந்தது. கழுத்தில் அரித்தது. மாமா ஓடிப்போய் வேனை ஸ்டார்ட் செய்தார். அப்பா அவர் பக்கத்தில் ஏறினார். அம்மா என்னோடு பின்னால் ஏறினாள். அவளுக்குப் பின்னாலேயே அந்த அக்காவும் ஏறினாள்.

"ஏட்டி! மாப்பிள்ள வீட்டு வண்டியில ஏறுதியே, எறங்குட்டி!" என்று அவள் அம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு தின்னா, எப்பம் தின்னான்னு டாக்டர் கேட்டா நானில்லா சொல்லணும்? நீங்க வண்டிய எடுங்க" என்றாள் அக்கா. பின்பாதி மாமாவுக்கு.

வேன் சங்கரன்கோவிலைப் பார்த்துப் பறந்தது. நான் அம்மா மடியில் இருந்தேன். அக்கா என் முதுகில் காதை வைத்து மூச்சுச் சத்தத்தைக் கேட்டாள். விசில் இல்லை என்று ஆனதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாங்கள் பன்னீர் என்று சொல்வது சோயாப் பயற்றில் செய்தது என்று அம்மா விளக்கியதும் கேட்டாள்:

"அதுக்குப் பன்னீருன்னு சொல்லிக்குடுத்தது யாரு?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாமா சொன்னார், "நாந்தாங்க."

"நீங்க பெரிய ஆளுதான். பச்சப்பிள்ளைக்குப் பேரு மாத்திச் சொல்லிக்குடுத்தா, அது வெளிய போயி எதத் தின்னும்? பாவம், அது சரியாத்தான கேட்டுச்சு!"

"தப்புதாங்க."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அவர்கள் இரண்டு பேரும் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் ஊசி போட்டார். உடனே எடுத்தது நல்லதாகப் போயிற்று, ஆனாலும் சாயங்காலம்வரை இங்கேயே இருக்கட்டும், பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார். அக்காவின் விரலுக்கும் மருந்து வைத்துக் கட்டினார். "இது என்ன கடிச்சது?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன்.

காத்திருக்கும் இடத்தில் ஒரு நீளப் பெஞ்சு. இருமலும் காய்ச்சலுமாக வந்தவர்கள் எல்லோரும் தங்கள் வியாதியை மறந்து பட்டுப்புடவைக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்த அவள் அப்பா, என் உதட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "கண்ணால பாத்துட்டேன் தாயி. எங்க வீட்ல சொல்லி வைக்கேன்" என்று அம்மாவிடம் சொன்னார். டாக்டரம்மாவுக்கும் அந்த அக்காவுக்கும் அடுத்து எங்களை நம்பியவர் அவர்தான்.

வீக்கம் மெல்ல வடிந்தது. நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். பெஞ்சின் அந்தக் கோடியில் மாமாவும் அக்காவும், நடுவே இன்னும் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எலுமிச்சம்பழம் எப்பம் விடுவீக?"

"கொதிக்கும்போதே."

"அதான். அப்படி விட்டா ரப்பரு மாதிரி ஆயிரும். அடுப்ப அணச்சு, கொதி அடங்கினப்புறம், தண்ணி கலந்து கொஞ்சங் கொஞ்சமா விடணும். பாலுக்கு அப்படித்தான், பயறுக்கும் அப்படித்தான இருக்கும்?"

"பயறுக்கு வேறங்க."

"செஞ்சு பாத்தீகளா?"

"இல்ல."

"பின்ன எப்படி வேறங்கீக?"

இதே ரீதியில் வெகுநேரம் போயிற்று. எனக்கு மாமா மேல் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு திட்டு வாங்குகிறாரே, எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. இன்றைக்கும் மாமாவும் அத்தையும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். தை மாதம் அவர்களுக்குக் கல்யாணம் ஆன பிறகு, அத்தை அணைத்த அடுப்பில் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். கட்டி பஞ்சுபோல வந்தது. பயறுக்கு வேறு என்று மாமா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

நான் கண் திறந்ததைப் பார்த்து அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "ஒங்க மாமா செய்றது பன்னீர் இல்ல. அது வேற. அதுக்கு நீயே ஒரு பேரு வையி. யாரும் வச்சிருக்காத பேரா இருக்கணும்" என்றாள்.

நான் யோசித்தேன். "மாமாக்கட்டி" என்றேன்.

பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மாமாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. "நல்ல பேரு. இனி வெளிய எங்கன போனாலும், மாமாக்கட்டி இருக்கான்னு கேளு. இல்லன்னு சொன்னா ஒண்ணும் வாங்கித் திங்காத" என்றாள். என்னை ஒப்பிக்கச் சொன்னாள். பால், தயிர், மோர், வெண்ணெ, நெய், பன்னீர், முட்டை என்று ஒப்பித்தேன்.

சாயங்காலம் டாக்டர் போகச் சொன்னார். அக்கா தன் அப்பாவின் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட விரலை என்னைப் பார்த்து ஆட்டினாள். பைக் தெருமுனை திரும்பும்வரை மாமா வேனை எடுக்கவில்லை.

அப்பாதான் மெல்லக் கேட்டார். "என்ன மாப்ளே, பொண்ணு எப்படி?"

"பொண்ண நான் எங்கன அத்தான் பாத்தேன்? ரோட்டயில்லா பாத்துக்கிட்டு வந்தேன்."

"அது சரி. அவ ஒன்ன நல்லாப் பாத்துட்டா."

மாமா சிரித்தார். அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. இது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்குத்தான் சரியாப் போச்சுல்லா, ஏம்மா அழுத?"

"அதுக்கில்லட்டி."

"பின்ன?"

"அந்தப் பிள்ள ஒன் வாய்க்குள்ள வெரல விட்டுச்சுல்லா..."

விரல் விட்டதற்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "எனக்கு வலிக்கலம்மா. அந்த அக்காவுக்குத்தான் வலிச்சிருக்கும்" என்று தேறுதல் சொன்னேன். அம்மா என்னை இழுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். இன்னும் அதிகமாக அழுதாள். நான் பிறந்த நாளிலிருந்து அன்றுவரை, இந்த ஊரில் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய இரண்டு கண்கள்தான். அன்றைக்கு அவள் பாராத இடத்தில் வேறொருத்தி பார்த்துவிட்டாள். இது எனக்கு எங்கே தெரியும்? நான் வேறு காரணம் கண்டுபிடித்தேன். அம்மா காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை, பசி போலிருக்கிறது. முன்னால் எட்டி மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, சீக்கிரம் போங்க. போயி அம்மாவுக்கு ரெண்டு தோசை சுட்டுக் குடுங்க" என்றேன்.